ஒரு லயம், மூன்று முகவரிகள்

1964 அக்டோபர் 30ஆம் தேதி டில்லியில் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டார்கள். இலங்கையில் நாடற்றவர்களாக இருக்கும் இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேர். அவர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும். மிச்சமுள்ள 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்டார்கள். பத்து ஆண்டு கழித்து, 1974இல், இந்திரா காந்தியும் சிறிமாவோவும் அந்த மிச்சத்தை ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக் கணக்கை முடித்தார்கள்.

அண்ணன் தம்பி பாத்திரம் பண்டம் பிரித்துக்கொள்வதைப் போல மனிதர்களைப் பிரித்துக்கொண்ட ஒப்பந்தம் இது. பாகப்பிரிவினைக்காவது சம்பந்தப்பட்டவர்களைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். இங்கே தோட்டத் தொழிலாளர்களின் சார்பில் பேச அந்த மேசையில் யாரும் இல்லை.

அறுபது ஆண்டுகள் ஓடிவிட்டன. ஒரே லயத்தில், அதாவது ஒரே தோட்டத்து வரிசை வீட்டில் இருந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் ஒரே பெரட்டுக் களத்தில் பேர் போட்டு வேலை செய்தவர்களின் வாரிசுகள் இன்று மூன்று இடங்களில் இருக்கிறார்கள். ஒரு பகுதியினர் ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கம் இலங்கைக் குடிமக்கள். இன்னொரு பகுதியினர் கோத்தகிரி, கூடலூர், பந்தலூரில் இந்தியக் குடிமக்கள். மூன்றாவது பகுதியினர் தமிழ்நாட்டு முகாம்களில் எந்த நாட்டுக் கடவுச்சீட்டும் இல்லாதவர்கள். உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளே இப்படிச் சிதறிக் கிடக்கும் குடும்பங்கள் உண்டு. ரத்தமும் மொழியும் சாமியும் ஒன்று. வேறுபாடு கையிலிருக்கும் காகிதத்தில்தான்.

ஒருவன் எந்த நாட்டுக்காரன் என்ற கேள்விக்கு இரு அரசுகளும் அன்று சொன்ன பதில், அவன் பாட்டன் எங்கிருந்து புறப்பட்டானோ அந்த நாட்டுக்காரன் என்பது. அந்தப் பதில் தவறு என்பதற்கு இந்த மூன்று இடங்களும் சாட்சி.

பயிர் மாறியது, ஊரும் மாறியது

1820களில் கம்பளைப் பக்கம் காப்பித் தோட்டம் போட்டபோதே தமிழ்நாட்டிலிருந்து ஆள் போகத் தொடங்கிவிட்டது. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், சேலம், திருநெல்வேலி மாவட்டங்களின் நிலமற்ற குடும்பங்கள். பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். பஞ்சமும் கடனும் பின்னாலிருந்து தள்ள, ஆள் சேர்க்கும் கங்காணியின் முன்பணம் முன்னாலிருந்து இழுத்தது. கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடக்க வேண்டியிருந்தது.

ஆனால் காப்பிக் காலத்தில் அவர்கள் அங்கே குடியேறிவிடவில்லை. காப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் காலத்தில் போய், முடிந்ததும் ஊர் திரும்பி விவசாய வேலையைப் பார்த்தார்கள். 1869இல் இலைநோய் வந்து காப்பியை அழித்தது. தேயிலை வந்தது. தேயிலைக் கொழுந்தை ஆண்டு முழுக்கக் கிள்ள வேண்டும். பெண்களின் கை அதிகம் வேண்டும். எனவே தோட்டத்துக்குத் தேவைப்பட்டது தனி ஆள் அல்ல, குடும்பம். லயங்கள் எழுந்தன, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவம் வந்தது, மாரியம்மன் கோயில் வந்தது, மாசி மாதம் காமன் கூத்து வந்தது. இறந்தவர்களைத் தேயிலை மலைச்சரிவிலேயே புதைத்தார்கள். இடம்பெயர்வு பற்றிப் பேசும்போது மனிதர்களின் ஆசையையும் துணிச்சலையும் பற்றி நிறையப் பேசுகிறோம். ஒரு செடியின் குணம் லட்சக்கணக்கானவர்களின் நாட்டை மாற்றிவிட்டதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

இந்தியச் சுதந்திரத்துக்குள் மூன்றாம் தலைமுறை தலையெடுத்துவிட்டது. அவர்களில் பலருக்கு இந்தியா என்பது பாட்டி வாயால் கேட்ட ஊர்ப்பெயர் மட்டுமே.

1947 பொதுத் தேர்தலில் இவர்களுக்கு ஓட்டு இருந்தது. இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையிலிருந்தும் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவிலிருந்தும் நாடாளுமன்றம் போனார்கள். வேறு பல தொகுதிகளில் தோட்டத்து ஓட்டு இடதுசாரிகளுக்குப் போனது. பிரதமர் டி.எஸ். சேனநாயக்கவின் அரசுக்கு, இவர்களை ஒதுக்க இது போதுமான காரணமாக இருந்தது. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பனோ, தகப்பனின் தகப்பனும் பாட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். பிறப்பைப் பதிவதே ஒழுங்காக இல்லாத காலத்தின் அத்தாட்சியை, காம்பரா என்னும் லயத்து அறையில் எங்கே தேடுவது? அடுத்த ஆண்டு ஓட்டுரிமையும் போனது. பதிவு மூலம் குடியுரிமை தருவதாக 1949இல் கொண்டுவந்த இன்னொரு சட்டத்தின் கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. இந்த விவகாரத்தில்தான் எஸ்.ஜே.வி. செல்வநாயகம் தமிழ்க் காங்கிரசை உடைத்துக்கொண்டு வெளியே வந்து தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

நேரு இருந்தவரை, அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் அந்த நாட்டின் பொறுப்பு என்று சொல்லிவந்தார். அவர் இறந்து ஐந்தே மாதத்தில் டில்லியின் நிலை மாறிவிட்டது.

ஒப்பாரி கோச்சி

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டது. கப்பல் வந்து நிற்க வேண்டிய துறையே இல்லாமல் போனது. ராமேஸ்வரத்தில் புதிய ஏற்பாடு செய்து, ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்த இலங்கை 1967இல் சட்டம் இயற்றிய பிறகே ஆட்கள் வரத்தொடங்கினார்கள்.

இலங்கைக் குடியுரிமை கேட்டவர்கள்தான் அதிகம் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தியாவுக்கென்று ஒதுக்கிய எண்ணிக்கை கடைசிவரை நிரம்பவில்லை. தாயகம் அழைக்கிறது, பிள்ளைகள் ஓடிவருவார்கள் என்று நினைத்தவர்களுக்கு அதுவே பதில். பிறகு ஏன் இத்தனை பேர் வந்தார்கள்? 1973-74இல் தோட்டங்களில் பஞ்சம். ரேஷன் குறைந்து, மாவு கிடைக்காமல், லயங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. தோட்டங்கள் அரசுடைமையானபோது பல இடங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் விரட்டப்பட்டார்கள். 1977இல் கலவரம், 1981இல் கலவரம். கப்பலேறிய பலரை ஏற்றிவிட்டது பசியும் பயமும்.

ஹட்டனிலும் நாவலப்பிட்டியிலும் கண்டியிலும் இருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரி கோச்சி. கோச்சி என்றால் ரயில். நிலையத்தில் ஏறியவர்களும் அழுதார்கள், ஏற்றிவிட வந்தவர்களும் அழுதார்கள். மலையகம் எனப்படும் அந்தத் தோட்டப் பகுதியின் எழுத்தாளர் மு. சிவலிங்கம் இந்தப் பெயரிலேயே ஒரு சிறுகதைத் தொகுப்பு வெளியிட்டிருக்கிறார். குடும்பத்தில் மூத்தவனுக்கு இந்தியா, இளையவனுக்கு இலங்கை என்று விண்ணப்பம் பிரிந்துபோன வீடுகளில், பெற்றவர்கள் யாரோடு போவது என்பதே பெரிய வழக்கு. கல்யாணம் பேசிய இடங்கள் கலைந்தன. இப்படி வந்து சேர்ந்தவை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். இடையில் பிறந்த குழந்தைகளையும் சேர்த்துச் சுமார் 4.6 லட்சம் பேர்.

சிலோன்காரர்

ராமேஸ்வரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் முகாமில் இறங்கியதும் கையில் ஒரு குடும்ப அட்டை இருக்கும். யார் யார் வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன மறுவாழ்வு உதவி என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். தோட்ட வேலை, நூற்பாலை வேலை, விவசாயக் குடியேற்றம், தொழில் கடன் என்று பல திட்டங்கள். பெரும்பாலோர் பங்குக்கு விழுந்தது தொழில் கடன். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியும் கவ்வாத்து வெட்டியும் பிழைத்தவர்களிடம் சில ஆயிரம் ரூபாயைக் கொடுத்து, முன்பின் தெரியாத ஊரில் கடை வைத்துப் பிழைத்துக்கொள் என்றது அரசு. கடை நடத்துவதற்கு ஊர்ப் பழக்கம் வேண்டும், கடன் சொல்லிச் சரக்கெடுக்க ஆள் தெரிய வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு பங்கு தரகர்களுக்குப் போனது, மீதி சாப்பாட்டுக்குப் போனது. வேலை தேடி அலைந்தவர்களில் சிலர் 1980களில் கொடைக்கானல் மலைக்காடுகளில் கொத்தடிமைகளாகக் கண்டுபிடிக்கப்பட்டு, விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது.

பாட்டன் ஊரைத் தேடிப் போனவர்களும் உண்டு. அங்கே நிலம் இல்லை, இருந்தாலும் நூறு வருடத்துக்கு முன்பே கைமாறியிருந்தது. பங்காளிகளுக்கு இவர்களை அடையாளம் தெரியவில்லை. தெரிந்தவர்களுக்கும், வந்தவர்கள் பங்கு கேட்பார்களோ என்ற பயம். ஆனால் ஒன்றை மட்டும் ஊர் மறக்காமல் வைத்திருந்தது. இவர்களின் சாதி. தோட்டத்தில் சாதி இல்லாமல் இல்லை. பெரிய கங்காணியின் லயம் வேறு, மற்றவர் லயம் வேறு என்றுதான் அங்கேயும் இருந்தது. ஆயினும் ஒரே பீலியில் தண்ணீர் பிடித்து, ஒரே மலையில் நிரை பிடித்து வேலை செய்த வாழ்க்கையில் அதன் பிடி தளர்ந்திருந்தது. அங்கே தொழிற்சங்கக் கூட்டத்தில் நாற்காலியில் உட்கார்ந்தவரை இங்கே தேநீர்க் கடையில் தனிக்குவளை வரவேற்றது. தாயகத்தைப் பற்றிய கனவு பலருக்குக் கலைந்த இடம் இதுதான் என்பேன். பஞ்சத்துக்கும் சாதிக்கும் தப்பித்துத்தானே பாட்டன் கப்பலேறினான்? பேரனைக் கொண்டுவந்து அதே தெருவில் நிறுத்தினால் அவன் அங்கே எப்படி நிற்பான்?

நிற்கவில்லை. மெல்ல மெல்ல மலையைத் தேடிப் போனார்கள். முன்னே போனவர் எழுதிய கடிதத்தைப் பிடித்துக்கொண்டு குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று வந்து சேர்ந்தார்கள். அங்கே குளிர் இருந்தது, தேயிலை இருந்தது, கூட வந்தவர்கள் இருந்தார்கள். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கவென்றே தமிழக அரசு 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம்தான் 1976இல் டேன்டீ என்ற கழகமானது. சேரம்பாடி, சேரங்கோடு, கொலப்பள்ளி, தேவாலா, நடுவட்டம், கோத்தகிரி, அப்பால் வால்பாறை என்று அதன் தோட்டங்கள். காட்டைத் திருத்தி நாற்று நட்டவர்களும் இவர்களே. அதில் இடம் கிடைத்தது சில ஆயிரம் குடும்பங்களுக்கு. மற்றவர்கள் சிறு விவசாயிகளின் தேயிலையில் கொழுந்து பறித்தார்கள். கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களில் கூலிக்குப் போனார்கள். கட்டட வேலைக்குப் போனார்கள். புறம்போக்கிலும் காட்டு ஓரத்திலும் தகரம் போட்டு வீடு கட்டினார்கள். கூடலூர் பக்கம் ஜென்மம் என்ற பழைய நில உரிமை வழக்கு தீராத பூமியில் குடியேறியவர்களுக்குப் பட்டாவும் இல்லை, மின் இணைப்பும் இல்லை என்பது பல ஆண்டுக் கதை. ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் ஆசிரியராக இருந்து ஒரு தலைமுறை மலையக இளைஞர்களை உருவாக்கிய இர. சிவலிங்கம் பின்னாளில் நீலகிரிக்கு வந்து இந்த மக்களுக்காகப் பாடுபட்டார்.

இலங்கையில் இருந்தவரை இவர்கள் இந்தியாக்காரர்கள். இங்கே வந்ததும் சிலோன்காரர்கள். இன்றும் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் இந்தச் சொல் புழக்கத்தில் இருக்கிறது. சில வாய்களில் அது வெறும் அடையாளம், சில வாய்களில் ஏளனம். வீட்டுக்குள் போனால் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் இருக்கும், தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடிக்கும் பெரியவர் இருப்பார், வானொலி என்றால் அது ரேடியோ சிலோன்தான் என்பார். இங்கேயே பிறந்து கோவையிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் பேரனுக்கு இதெல்லாம் தாத்தாவின் வழக்கம், அவ்வளவே. அவனுடைய கவலை வேறு. டேன்டீயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. 2022இல் கழகத்தின் வசமிருந்த 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்க அரசு ஆணை போட்டபோது, நீலகிரித் தொழிலாளர் குடும்பங்கள் தெருவுக்கு வந்து போராடின. மறுவாழ்வுக்காக உண்டான தோட்டத்திலிருந்தே மறுபடியும் பெட்டி கட்ட வேண்டுமா என்பதுதான் அவர்களின் கேள்வி.

இந்த அனுபவம் உலகில் தனித்ததும் இல்லை. 1908இல் கசாட்டோ மாரு கப்பலில் தொடங்கி பிரேசிலின் காப்பித் தோட்டங்களுக்குப் போன ஜப்பானியரின் பேரப்பிள்ளைகளை, ஆள் பற்றாக்குறையால் ஜப்பான் 1990இல் சட்டம் திருத்தி வரவழைத்தது. ஒரே ரத்தம், எளிதில் கலந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை. பிரேசிலில் ஜப்பானியர் என்று அழைக்கப்பட்டவர்கள் ஹமாமட்சுவிலும் ஒய்சுமியிலும் பிரேசில்காரர் ஆனார்கள். பிரேசிலின் சம்பா நடனத்தை அவர்களில் பலர் ஆடத் தொடங்கியதே ஜப்பானில்தான். 2009 பொருளாதாரச் சரிவில் ஆளுக்கு மூன்று லட்சம் யென் கொடுத்துத் திருப்பி அனுப்பியது ஜப்பான் அரசு. வம்சத்தை வைத்து மனிதரை அழைக்கும் அரசுகளுக்கு உண்மையில் தேவைப்படுவது வம்சமா, கூலியாளா என்ற சந்தேகம் நீலகிரியிலும் வருகிறது, ஹமாமட்சுவிலும் வருகிறது.

நின்றவர்கள்

அங்கேயே தங்கியவர்கள் வேறொரு வழியில் போனார்கள். தொண்டமான் 1978இல் அமைச்சரானார். தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்தால் நாட்டின் அந்நியச் செலாவணி ஆட்டம் காணும் என்பதே அவர்களின் பேரம் பேசும் பலம். 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் நாடற்றவர் என்ற நிலை படிப்படியாக முடிவுக்கு வந்தது. ஒப்பந்தப்படி இந்தியாவின் பங்கில் இருந்து, கப்பல் ஏறாமல் நின்றுபோனவர்களையும் கடைசியில் இலங்கைதான் ஏற்றது. இதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

குடியுரிமை வந்தும் லயம் போகவில்லை. சொந்த நிலத்தில் தனிவீடு என்ற திட்டம் மெதுவாக நகர்கிறது. லயத்துக் காம்பராவுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்கு வந்து அங்கிருந்து பிரிந்து வர வேண்டும். நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கிடைத்த பிள்ளைகளின் கதை எல்லாத் தோட்டங்களிலும் உண்டு. இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்கும் பெண்கள் வளைகுடா வீட்டு வேலைக்கும் போகிறார்கள். இடம்பெயர்வு இன்னும் தொடர்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் தெளிவாகிவிட்டார்கள். இந்திய வம்சாவளி என்ற அரசாங்கப் பட்டியல் பெயர் வேண்டாம், மலையகத் தமிழர் என்று அழையுங்கள் என்கிறார்கள். 2024 கணக்கெடுப்பில் அந்தப் பெயரும் இடம்பெற்றது. மலையகம் 200 என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் நடந்த வழியில் பதினாறு நாள் நடந்தார்கள். கடற்கரையிலிருந்து மலையை நோக்கி நடந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வந்த கதையை நினைவுகூர்ந்தார்கள், திரும்பிப் போகும் விருப்பம் அதில் இல்லை.

முகாம்

மூன்றாமவர் கதை மிகச் சிக்கலானது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையிலிருந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இறங்கிக் காடு திருத்திக் குடியேறிய குடும்பங்கள் பல. காந்தியம் என்ற சமூகசேவை இயக்கம் அவர்களுக்கு உதவியது. 1983க்குப் பிறகு போர் அவர்கள் தலையில்தான் முதலில் விழுந்தது. படகேறி ராமேஸ்வரம் வந்தார்கள். 1984இல் கப்பல் போக்குவரத்து நின்றுவிட்டதால், இந்தியக் குடியுரிமை பெறும் தகுதி இருந்த குடும்பங்களும் அகதிகளாகவே வர நேர்ந்தது.

அவர்கள் இறங்கியதும் அதே மண்டபம் முகாம்தான். ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டத்துக்குப் போகும் கூலிகளைத் தடுத்துவைத்து நோய் பரிசோதனை செய்த முகாம் அது. பிறகு ஒப்பந்தப்படி வந்தவர்களை இந்தியக் குடிமக்களாக வரவேற்றது. அதன் பின் வந்தவர்களை அந்நியர் என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டது. அத்தையும் மருமகனும் சில வருட இடைவெளியில் அதே வாசலில் நுழைந்து, அவள் ஓட்டுப் போடுகிறாள், அவன் முகாம் கணக்கெடுப்புக்கு வரிசையில் நிற்கிறான்.

இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர். அவர்களில் மலையக வம்சாவளியினர் ஏறத்தாழ 30,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. மறுவாழ்வு முகாம் என்று 2021இல் பெயர் மாற்றி, புது வீடுகள் கட்டித் தருகிறது தமிழக அரசு. பெயர் மாற்றியதும் வீடு கட்டியதும் நல்ல காரியங்கள். ஆனால் குடியுரிமை டில்லி கையில் இருக்கிறது. 2003இல் திருத்திய சட்டப்படி இவர்கள் சட்டவிரோதக் குடியேறிகள். 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்குக் கதவைத் திறந்தது, இலங்கையைச் சேர்க்கவில்லை. அதே 2019 ஜூனில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை, திருச்சிப் பக்கத்து முகாம்களில் இருந்த 65 மலையக வம்சாவளியினரின் மனுவில், இவர்களின் கோரிக்கையை மத்திய அரசு கனிவோடு பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குத் தண்டனை நடவடிக்கையிலிருந்து விலக்கு அளித்தது மத்திய அரசு. சிறைப் பயம் போனது. குடியுரிமை இன்னும் வரவில்லை.

இங்கே பிறந்து, இங்கே படித்து, தமிழ்நாட்டு முகாமைத் தவிர வேறு ஊர் அறியாத பிள்ளைகளை இலங்கைக்காரர் என்று சொல்வது, 1948இல் லயத்தில் பிறந்த பிள்ளையை இந்தியாக்காரர் என்று சொன்னதைப் போன்றதே. கொழும்பு செய்ததைக் கண்டித்துப் பேசும் நாம், டில்லி அதையே செய்யும்போது சட்ட நுணுக்கம் பேசுகிறோம்.

இரண்டு ஒப்பந்தங்களிலும் சேர்த்து இந்தியா ஏற்பதாகச் சொன்னது ஆறு லட்சம் பேரை, அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகள் தனி. வந்து சேர்ந்தது குழந்தைகளையும் சேர்த்து 4.6 லட்சம். ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்று டில்லி சொல்லலாம், ஆனால் போரையும் கப்பல் நின்றதையும் அந்த மக்கள் உண்டாக்கவில்லை. மீதி இருக்கும் இடத்தில் முகாமிலுள்ள 30,000 பேரும் தாராளமாக அடங்குவார்கள். மக்களவையில் தமிழ்நாட்டின் 39 உறுப்பினர்களும் கட்சி பார்க்காமல் கேட்க வேண்டியது இந்த ஒன்றைத்தான்: இந்தியா தன் கையெழுத்தை மதிக்கட்டும், சட்டவிரோதக் குடியேறி என்ற பட்டியலிலிருந்து இவர்களை எடுத்துவிட்டுக் குடியுரிமை வழங்கட்டும்.